அறுபது டிகிரியில் அணைந்துபோன கம்ப்யூட்டர்

கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம், "உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க சார், புதுசா சர்வீஸ் தொழிலுக்கு வர்றவங்க படிக்கட்டும்" என்று கேட்டால், அவன் தன் சாமர்த்தியத்தைத்தான் எழுதுவான் என்று நினைத்திருப்பீர்கள். அந்த மாதிரிக் கதைகளும் என்னிடம் உண்டு. மழைத் தண்ணீரில் ஊறிய ஹார்ட் டிஸ்க்கை உயிர்ப்பித்தது, மூன்று பேர் கைவிட்ட மதர்போர்டை எழுப்பியது என்று நிறைய. அவற்றை விழுப்புரத்தின் எல்லா டீக்கடைகளிலும் சொல்லித் தீர்த்துவிட்டேன். கேட்காதவர் யாராவது மிச்சம் இருந்தால் நேரில் வாருங்கள், டீ என் செலவு.

இங்கே எழுதப்போவது வேறு. நான் ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்த விதம். வேண்டுமென்று கெடுக்கவில்லை. ஆனால் வேண்டுமென்று கெடுத்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகக் கெடுத்திருக்க முடியாது. இதை எழுத எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நாளைக்கு உங்களில் ஒருவர் என் நாற்காலியில் உட்கார்ந்து இதையே செய்வார் என்று நிச்சயமாகத் தெரிவதால் எழுதுகிறேன்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், மாடியில் என் கடை. ஓவர்க்ளாக் செய்வதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. தயாரித்தவர்கள் நிர்ணயித்த வேகத்துக்கு மேலே ப்ராசஸரை ஓட்டுவதுதான் ஓவர்க்ளாக். வேகம் கூடினால் சூடு கூடும், சூட்டை இறக்க நல்ல கூலர் வேண்டும். புது ப்ராசஸர் வாங்க வழியில்லாதவர்கள் என்னைத் தேடி வருவார்கள். கண்டமங்கலத்து ஸ்டூடியோக்காரர் ஒருவர், "அவரு கைய வெச்சாருன்னா பழைய வண்டியும் பறக்கும்" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. இதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை, ஏனென்றால் பின்னால் ஒப்புக்கொள்ளப் போவது இதைவிட மோசம்.

ஏழுமலை திண்டிவனத்துக்காரர். முப்பது வயதைத் தாண்டியவர். வானூர் பக்கம் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. படுக்கையில் கிடந்த காலத்தில் செல்போனில் பாடம் பார்த்துப் பார்த்து ஒரு வேலையைக் கற்றுக்கொண்டார். இனிமேல் கட்டப்போகிற கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அதற்குள் ஒருவர் நடந்து போவது போல வீடியோவாகச் செய்து தருகிற வேலை. அவர் கையால் சுவர் எழுப்பியவர் என்பதால், அவர் வரைகிற சுவரில் ஓர் உண்மை இருக்கும். பூச்சு எந்த மூலையில் வெடிக்கும், மழைத் தண்ணீர் எந்த ஓரமாக வழிந்து கறை பிடிக்கும் என்றெல்லாம் அவருக்குத் தெரியும். படித்துவிட்டு வந்த பிள்ளைகள் வரைகிற கட்டடங்கள் அவருடையதற்குப் பக்கத்தில் பொம்மை மாதிரி இருக்கும்.

வரைந்ததை வீடியோவாக மாற்ற, கம்ப்யூட்டர் நாள்கணக்கில் முழு வேகத்தில் ஓட வேண்டும். அதைத்தான் ரெண்டர் என்கிறோம். அவருக்கு அந்த மெஷினைச் சேர்த்துக் கொடுத்தது நான். நடுத்தரமான ப்ராசஸர், அதைவிடச் சாதாரணமான ஒரு மதர்போர்டு, என் கைவண்ணத்தில் ஏற்றிய வேகம். இரண்டு வருடம் ஒரு நாள் பிசகாமல் ஓடியது.

சித்திரை மாத வெயிலில் ஒரு நாள் போன் செய்தார்.

"அண்ணே, ரெண்டர் போட்டா அந்த ஃபேனு ஊளையிடுதுண்ணே. பாப்பா தூங்கவே மாட்டேங்குது. அது முழிச்சிக்கினா என் வேல போச்சு. சத்தம் கம்மியா எதனா கீதாண்ணே?"

சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறைதான் வீடு. அவர் மனைவி சங்கீதா ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலைக்குப் போகிறவர். காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவார். நாள் முழுக்க உட்காரக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். இரண்டரை வயதுப் பெண் குழந்தையைப் பகலில் ஏழுமலைதான் பார்த்துக்கொண்டார். சக்கர நாற்காலி, அதற்கு முன்னால் மேசை, பக்கத்தில் தூளி. ஒரு கையில் மவுஸ், இன்னொரு கையில் தூளிக் கயிறு.

அந்தச் சமயத்தில்தான் பாண்டிச்சேரியில் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகம் அவருக்கு ஒரு பரீட்சை வைத்திருந்தது. ஒரு பள்ளிக்கூடக் கட்டடம், மூன்று நிமிட வீடியோ, பதினைந்து நாள் அவகாசம். நன்றாக வந்தால் வீட்டிலிருந்தே மாதச் சம்பள வேலை. சங்கீதா ஜவுளிக்கடைக்குப் போக வேண்டியிருக்காது. "அது கால நீட்டி உக்காந்து ரெண்டு வருஷம் ஆவுதுண்ணே" என்று ஏழுமலை ஒருமுறை என்னிடம் சொன்னார். பணயம் என்ன என்பது எனக்கு முதல் நாளே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்க எனக்கு வழி இல்லை.

மெஷினைக் கடைக்கு வரவழைத்துத் தண்ணீர்க் கூலர் போட்டேன். பழைய கூலரில் ஒரு பெரிய விசிறி ப்ராசஸரின் தலைமேல் படுத்துக்கொண்டு கீழ்நோக்கி ஊதும். புதியதில் தண்ணீர் குழாய் வழியாகப் போய், பெட்டியின் உச்சியில் சூட்டைக் கொட்டிவிட்டு வரும். சத்தமே இல்லை. தொண்ணூறு டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த ப்ராசஸர் சூடு அறுபதுக்கு இறங்கியது. அந்த அறுபதைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கடைக்கு வந்த எல்லோரையும் கூப்பிட்டு அந்த எண்ணைக் காட்டினேன்.

முதல் ஒரு வாரம் ஏழுமலை வரைந்துகொண்டிருந்தார். வரைவதில் மெஷினுக்குச் சிரமம் இல்லை. எட்டு நாள் மிச்சம் இருக்கும்போது ரெண்டர் ஆரம்பித்தார். நாலு நாளில் முடிய வேண்டிய வேலை. அன்று மதியமே போன் வந்தது.

"அண்ணே, முக்கா மணி நேரம் ஓடுது, அப்புறம் பொட்டுனு அணைஞ்சி திரும்பி ஆன் ஆவுது. நாலு தடவ ஆயிடுச்சிண்ணே."

"சூடு எவ்ளோ காட்டுது?"

"அறுவது, அறுவத்திரண்டு."

"அப்ப கூலர் சூப்பரா வேல செய்யுது. உங்க ஊட்டு கரண்ட்டு தான் பேஜாரு. யாருகிட்டயாவது நல்ல யூபிஎஸ் ஒண்ணு வாங்கிப் போட்டுப் பாரு."

பக்கத்துத் தெருவில் யூபிஎஸ் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தார். முக்கால் மணி நேரத்தில் அணைந்தது. மறுநாள் சங்கீதா கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் விழுப்புரம் வந்தார். மாடிப்படி ஏறி வந்து பெட்டியை இறக்கிவைத்தபோது அவர் முன்கையில் தகரத்தின் விளிம்பு பதிந்து சிவப்புக் கோடாக இருந்தது.

இப்போது கவனமாகப் படியுங்கள். ஒரு பெட்டி சர்வீஸுக்கு வந்தால் நாம் எல்லோரும் முதலில் என்ன செய்வோம்? பக்கவாட்டு மூடியைக் கழற்றிச் சுவரோரமாகச் சாய்த்துவைப்போம். வாடிக்கையாளர் திரும்ப எடுத்துப்போக வந்த பிறகுதான் அதை மறுபடி மாட்டுவோம். நான் அப்படித்தான், எனக்குத் தெரிந்த எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான், நீங்களும் அப்படித்தான். நம் ஊர் வெயிலில் மேசைக்கு நேர் மேலே சீலிங் ஃபேன் இல்லாமல் யாராலும் வேலை செய்ய முடியாது. அதனால் நம்மிடம் வருகிற பெட்டிகள் எல்லாம், நமக்குத் தெரியாமலே, திறந்த வயிற்றோடு ஃபேன் காற்று வாங்கிக்கொண்டு கிடக்கின்றன.

ஏழுமலை வீட்டில் மூடி எப்போதும் பூட்டியே இருக்கும். குழந்தை விரலை உள்ளே விட்டுவிடும் என்ற பயம்.

என் மேசைமேல் மெஷின் காலையிலிருந்து மாலைவரை முழு வேகத்தில் ஓடியது. ஒரு தும்மல் இல்லை. கடையில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது சங்கீதாவிடம் சொன்னேன்: "பாருமா, நாள் பூரா ஓடிக்கினுதான் கீது. கோளாறு மெஷின்ல இல்ல, உங்க ஊட்டுல."

அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார். திண்டிவனத்தில் அது முக்கால் மணி நேரத்தில் அணைந்தது.

ஐந்து நாள் மிச்சம் இருந்தது. ஏழுமலை அன்று போனில் சொன்னதுதான் இந்த முழு விவகாரத்தில் யாரும் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை.

"அண்ணே, எதுக்கு வம்பு. வேகத்த பழையபடி கம்பெனி வேகத்துக்கே இறக்கிக் குடுத்துடுங்க. அஞ்சு நாள்ல இழுத்துப் புடிச்சி முடிச்சிடுவேன். என்னா கோளாறுன்னு அப்புறமா பாத்துக்கலாம்."

போனிலேயே இரண்டு நிமிடத்தில் எப்படி இறக்குவது என்று சொல்லிக் கொடுத்திருக்கலாம். வேகம் இறங்கினால் சூடு இறங்கும், மெஷின் நிற்காமல் ஓடும், வேலை முடியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெண்டு வருஷம் ஓடின வேகம்பா அது. அத இறக்குனா என் கைக்கு இன்னா மரியாத? ரெண்டே நாள், சரி பண்ணித் தர்றேன்."

அவருக்கு வேலை முடிய வேண்டும். எனக்கு என் வேகம் ஜெயிக்க வேண்டும். வாடிக்கையாளர் நெருக்கடியில் இருக்கும்போது முதலில் அவர் வேலை நடக்க வழிசெய்யுங்கள், மெஷினைப் பிற்பாடு ஜெயித்துக்கொள்ளலாம் என்று புதியவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டிருந்தவன் நான்தான். உபதேசம் செய்கிற வாய்க்கும் போனில் பேசுகிற வாய்க்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது.

சங்கீதா இரண்டாவது முறை லீவு போட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தார். இந்த முறை உட்காரவில்லை, வைத்துவிட்டு உடனே திரும்பிவிட்டார். மறுபடியும் மூடியைக் கழற்றினேன், மறுபடியும் நாள் முழுக்க நன்றாக ஓடியது. ராம் மெமரிப் பலகையைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது, அதுதான் எனக்குக் கோபம். உங்களுக்கு இது தெரிந்திருக்கும். கோளாறு கிடைக்காதபோது நமக்கு வருகிற கோபம், யாராவது ஓர் ஆளைக் கேட்கும். நான் ஏழுமலைக்குப் போன் போட்டேன்.

"நீ எதனா நோண்டினியா? உண்மையச் சொல்லு."

பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"நீங்க வேகத்த இறக்க மாட்டேன்னீங்க இல்லண்ணே. நானே இறக்க முடியுமான்னு ஒரு தடவ அந்த செட்டிங் பக்கம் உள்ள போய்ப் பாத்தேன். பயமா இருந்திச்சி. எதையும் மாத்தாம வெளிய வந்துட்டேன்."

"பாத்தியா!" என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அதான் விசயம். அங்கெல்லாம் கைய வெக்காதேன்னு எத்தினி தடவ சொன்னேன்? நீ எதையோ தட்டி வுட்டுட்டு இங்க என் உசுர வாங்கிக்கினு இருக்கியா? நீ தான்யா கெடுத்த."

அவர் உள்ளே போய்ப் பார்த்தது மெஷின் பலமுறை அணைந்ததற்குப் பிறகு. அணைந்ததற்கு அது காரணமாக இருக்கவே முடியாது. ஒரு நொடி யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். செட்டிங் பக்கத்தைத் திறந்தும் பார்த்தேன், நான் வைத்தது வைத்தபடியே இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒருமுறை அழித்து மறுபடி அதே எண்களைப் போட்டு, "சரி பண்ணிட்டேன், இனிமே தொடாத" என்று அனுப்பிவைத்தேன்.

அப்போதும் முக்கால் மணி நேரத்தில் அணைந்தது. இம்முறை அணைந்தபோது அவர் வரைந்து வைத்திருந்த கோப்பில் ஒரு பகுதியும் கெட்டுப்போனது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒருவேள நான் பண்ணது இன்னும் உள்ள எங்கயாவது இருக்குதோ என்னமோண்ணே" என்றார். நான் ஆமாம் என்றேன்.

மூன்றாவது முறை பெட்டி வந்தபோது இரண்டு நாள்தான் மிச்சம். அன்று விழுப்புரத்தில் மாதாந்தரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் நிறுத்தம். கடையில் இன்வெர்ட்டர் இருந்தது. வேலை மேசையின் பிளக்குகளுக்கு மட்டும் அதிலிருந்து இணைப்பு, ஃபேன்களுக்குக் கிடையாது. வியர்வையில் சட்டை ஒட்ட, ரெண்டர் சோதனையைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தேன். என் கண் முன்னாலேயே அணைந்தது. அணைவதற்கு முந்தைய நொடிவரை ப்ராசஸர் சூடு அறுபத்தொன்று.

திறந்த பெட்டிக்குள் கையை விட்டேன். ப்ராசஸரின் ஓரமாக, அதற்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற சின்னச் சின்னக் கறுப்புத் துண்டுகள் வரிசையாக இருக்கும். விரல் அதன்மேல் பட்டதும் சுரீர் என்று இழுத்துக்கொண்டேன். கொப்புளம் போட்டுவிட்டது. அந்தச் சாதாரண மதர்போர்டில் அவற்றின்மேல் சூட்டை இறக்கும் உலோகத் தகடு கிடையாது. அந்த இடத்துச் சூட்டைக் காட்டுகிற சென்சாரும் கிடையாது. இரண்டு வருடமாக அவற்றைக் காப்பாற்றி வந்தது அந்தப் பழைய, சத்தம் போடுகிற விசிறி. அது கீழ்நோக்கி ஊதியதில் ப்ராசஸரோடு சேர்த்து அவற்றுக்கும் காற்று கிடைத்திருக்கிறது. நான் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ப்ராசஸரை மட்டும் குளிரவைத்தேன். பக்கத்தில் இருந்தவை வெந்துகொண்டிருந்தன. நான் அறுபது என்கிற எண்ணைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

அதைப் புரிந்துகொண்ட அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷம் வந்தது. இதையும் மறைக்காமல் சொல்கிறேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு நொடி துள்ளினேன். அடுத்த நொடி ஏழுமலையைத் திட்டியது நினைவுக்கு வந்தது.

பரிகாரம் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன விசிறி. அதை அந்தக் கறுப்புத் துண்டுகளைப் பார்த்து ஊதும்படி பிளாஸ்டிக் பட்டையால் கட்டினேன். கரண்ட் வந்த பிறகும் சீலிங் ஃபேனைப் போடவில்லை. மூடியை மாட்டி, ஜன்னலையும் சாத்திவிட்டு, வேர்த்து வழிந்துகொண்டு நாலு மணி நேரம் ஓட்டினேன். நிற்கவில்லை. முதல் தடவை பெட்டி வந்தபோதே இதைச் செய்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் வீட்டில் அது எப்படி இருக்குமோ அப்படியே வைத்து ஓட்டுவதுதான் சோதனை, மற்றதெல்லாம் நம் மனத்திருப்திக்கு.

மறுநாள் காலை பஸ்ஸில் பெட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம் போனேன். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் தொடை மரத்துவிட்டது. சங்கீதா இதோடு எத்தனை முறை இந்த ரோட்டில் வந்துபோனார் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். கெடு அன்றோடு முடிகிறது. ரெண்டருக்கு நாலு நாள் வேண்டும். எப்படியாவது அந்த அலுவலகத்தில் பேசி ஒரு வாரம் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

சங்கீதா வீட்டில்தான் இருந்தார், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஏழுமலை என்னைப் பார்த்ததும், "நீங்களே தூக்கிக்கினு வந்தீங்களாண்ணே?" என்று பதறினார். அதற்குள் அவர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்து மேடத்துக்குப் போன் செய்து பேசிவிட்டிருந்தார்.

"என்னா சொன்ன?"

"முடிக்க முடியலன்னு சொல்லிட்டேண்ணே. என்னால தான் கெட்டுச்சின்னும் சொல்லிட்டேன். பொய் சொல்லி டைம் வாங்கக் கூடாது இல்ல."

நான் நம்பரை வாங்கிக்கொண்டு வெளியே தெருவுக்கு வந்து பேசினேன். அந்த அம்மாள் பொறுமையாகத்தான் பேசினார்.

"சார், அவர் வேலை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. மெஷின் ரிப்பேர்னா நாங்க ஒரு வாரம் பொறுத்திருப்போம். அது யாருக்கும் வர்றதுதானே. ஆனா அவரே சொல்றாரு, சர்வீஸ் பண்றவர் தொடக் கூடாதுன்னு சொன்னதை நடுவுல தொட்டுட்டேன்னு. கெடு வெச்ச வேலையில அப்படிப் பண்றவரை நம்பி நாங்க எப்படிப் பெரிய ப்ராஜெக்ட் குடுக்கிறது?"

"இல்லம்மா, அவர் தொடல. கோளாறு நான் போட்ட கூலர்ல. நான் தான் அவர் மேல பழி போட்டேன்."

"காலையில அவர் சொன்ன உடனே இன்னொருத்தருக்கு ஓகே சொல்லிட்டோம் சார். நீங்க நேத்தே ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

நேற்று மதியமே எனக்குக் காரணம் தெரியும். நேற்றே ஏழுமலைக்கு ஒரு போன் போட்டு, உன் மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். நேரில் போய், ஓடுகிற மெஷினைக் கையில் கொடுத்துச் சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று தள்ளிவைத்தேன். சோதனை நடந்த அந்த நாலு மணி நேரமும் போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

அந்த அலுவலகம் பிறகு அவரைக் கூப்பிடவே இல்லை. நானும் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் அமையவில்லை. சின்னச் சின்ன வேலைகள் அவருக்கு வருகின்றன, வீட்டு முகப்பு, கடைப் பலகை என்று. மெஷின் இன்றுவரை ஒரு நாள்கூட அணையவில்லை. அதை நினைத்தால் எனக்கு வருகிற வெறுப்பை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருடம் கடை நடத்தினேன். நம்பிக்கையோடு நடத்தினேன் என்று சொல்ல மாட்டேன். யாராவது பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால், இவரை நான் எப்படிக் கெடுக்கப்போகிறேனோ என்றுதான் முதலில் தோன்றும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கோளாறு கிடைக்கவில்லை என்றால், கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள். "நீ என்ன பண்ணே" என்று கேட்பதற்கு முன்னால் நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். எதிரே நிற்பவருக்கு நம் தொழில் தெரியாது. நாம் சொல்வதை அவர் நம்பத்தான் செய்வார். நம்பி, நாலு பேரிடம் போய்ச் சொல்வார். நான் சொல்லி நீங்கள் கேட்பீர்களா என்று எனக்குச் சந்தேகம்தான். எனக்கும்தான் யார் யாரோ சொன்னார்கள்.

அன்று போனை வைத்துவிட்டு மறுபடி அந்த அறைக்குள் போனேன். வேலை போய்விட்டது என்பதை ஏழுமலை என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அதைப்பற்றி அவர் கேட்கவில்லை.

"ஏழுமல, நீ ஒண்ணுமே பண்ணலப்பா. பழைய ஃபேன எடுத்ததுல வந்த கோளாறு. எல்லாம் நான் பண்ணது. நான் உன்னத் திட்டினது தப்பு" என்றேன்.

"அப்ப நான் உள்ள போய்ப் பாத்ததால ஒண்ணும் ஆவலியாண்ணே?"

"ஆவல."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. தூளிக் கயிற்றை மெதுவாக இழுத்து ஆட்டிக்கொண்டே, எனக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி சொன்னார்:

"வுடுங்கண்ணே. சாரம் சரிஞ்சப்பகூட மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கு வந்து இதையே தான் கேட்டாரு, நீ கால தப்பா வெச்சியான்னு. அவ்ளோ அனுபவம் உள்ளவரு கேக்கறாரே, வெச்சிருப்பேன் போலன்னு நெனச்சிக்கினேன். ஆமான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். பலகதான் இத்துப் போயிருந்திச்சின்னு அப்புறமா கூட வேல செஞ்சவங்க சொன்னாங்க."

சங்கீதா குழந்தையின் பால் புட்டியை ஏழுமலையின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, "நேரமாச்சி, வர்றேங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஜவுளிக்கடைக்குக் கிளம்பினார்.